பாட்காஸ்ட்டில் மூன்று மணி நேரமா, களத்துமேட்டில் மூன்று நிமிடமா?

2024 அக்டோபரில் டொனால்ட் டிரம்ப், ஜோ ரோகனின் பாட்காஸ்ட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். அதே மாதம் கமலா ஹாரிஸ், இளம்பெண்கள் அதிகம் கேட்கும் 'கால் ஹெர் டாடி' என்ற பாட்காஸ்ட்டுக்குப் போனார். 2025 ஜனவரியில் பிரதமர் மோடி, தொழிலதிபர் நிகில் காமத்தின் பாட்காஸ்ட்டில் பேசினார். மார்ச்சில் அமெரிக்க பாட்காஸ்ட்காரர் லெக்ஸ் ஃப்ரிட்மேனுடன் மூன்று மணி நேரத்துக்கு மேல். தமிழ்நாட்டு அரசியல்வாதிகளும் யூடியூபில் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். சரி, டெல்டாவில் ஓட்டுப் போடுகிற நமக்கு இதனால் என்ன கிடைக்கிறது?

தெருமுனைக் கூட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருக்குவளைக்காரரான கருணாநிதியின் பேச்சைக் கேட்டு வளர்ந்த மண் இது. மேடைப் பேச்சின் ருசி எங்களுக்குத் தெரியும். ஆனால் இரவு 10 மணிக்கு மைக் நிற்கும்வரை மேடையில் இருப்பவர் பேசுவார், நாம் கேட்போம். கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

பாட்காஸ்ட்டின் பலம் நேரம்தான். ஐந்து நிமிட டிவி பேட்டியை மனப்பாடம் செய்த பதில்களை வைத்தே ஓட்டிவிடலாம். இரண்டாவது மணி நேரத்தில் அந்தச் சரக்கு தீர்ந்துபோகும். ஆள் எப்படி யோசிக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். பேசியது பதிவாகவும் இருக்கும். திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் மன்னார்குடிப் பையன் அதை வேலைக்கு நடுவே கேட்கலாம். ஆனால் எந்தச் சேனலுக்குப் போவது என்று முடிவு செய்வது வேட்பாளர். பெரும்பாலும் சிறுவயது வறுமை, அம்மா, படித்த பள்ளிக்கூடம் என்றே பேச்சு போகும். கேட்டு முடிக்கையில் அவர் மேல் நமக்குப் பாசம் வந்துவிடும், வாய்க்கால் தூர்வாருவது பற்றி ஒரு வார்த்தைகூட வராமலேயே.

ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர் களத்துமேட்டில் அப்படிப்பட்ட கேள்விகளிலிருந்து தப்ப முடியாது. குறுவை அறுவடையும் மழையும் சேர்ந்து வரும் அக்டோபரில், ரோட்டோரம் நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கும் அம்மா நேராகவே கேட்பார்: "ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல நெல்லை எடுக்க மாட்டேங்கிறாங்க. வெயிலுக்கு நாங்க எங்கய்யா போறது?" ஸ்டுடியோவில் பேட்டி எடுப்பவருக்கு இந்த 17 தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்றும் அவர் கேட்கமாட்டார். 2018-இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி காவிரித் தண்ணீரைத் தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஜூன் மாதப் பங்கு வராவிட்டால் நீங்கள் சட்டமன்றத்தில் என்ன பேசுவீர்கள் என்ற கேள்வியும் வயலில்தான் வரும்.

களத்துக்கும் குறை உண்டு. மூன்று நிமிடத்தில் ஜீப் கிளம்பிவிடும். சொன்ன பதிலுக்குப் பதிவு கிடையாது. அடுத்த தேர்தலில் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம், ஜீப்பைச் சுற்றி முன்னால் நிற்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நிலமும் சொந்தபந்தமும் உள்ள ஆண்கள்தான். நடவுக்குப் போகிற பெண்களும் குத்தகைக்காரர்களும் பின்னால் நிற்பார்கள். எனக்கு இது நெடுநாள் வருத்தம்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் களத்தைத்தான் சொல்வேன், பதில் மூன்று நிமிடத்தில் முடிந்தாலும். ஆனால் பாட்காஸ்ட்டின் நேரத்தைக் களத்துக்குக் கொண்டுவருவது பெரிய காரியம் இல்லை. ஒரு செல்போன், கழுத்துப்பட்டையில் மாட்டுகிற ஒரு மைக், வேப்பமரத்தடியில் நாலு நாற்காலி போதும். வேட்பாளர் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். கேட்பவர்களை ஊர் தேர்ந்தெடுக்கட்டும்: கடைமடை விவசாயி ஒருவர், நடவுக்குப் போகும் பெண் ஒருவர், குத்தகைக்காரர் ஒருவர். வெட்டாமல் அப்படியே வெளியிட வேண்டும். எல்லா வேட்பாளர்களையும் அதே நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

முதல் கேள்வியைக் குத்தகைக்காரரே கேட்கட்டும்: "நிலம் கோயிலோடது, உழைப்பு என்னோடது. சிட்டா அடங்கல்ல என் பேரு இல்ல. பயிர் மூழ்கினா நிவாரணம் யார் கைக்கு வரும்?"