முதல் தாள் இல்லாத புத்தகம்: நூலக அட்டையோடு பதினான்கு வருடம்

2011 பொங்கல் முடிந்த வாரத்தில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை எடுத்தேன். காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்து அப்போது நாலு மாதம். கொப்பரை லோடு ஏற்றும் நாளில் லாரி வந்து, எடை போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். லாரி எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தைப் போக்க ஏதாவது கையில் இருக்கட்டும் என்றுதான் அட்டை எடுத்தது. 2013 முதல் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போகிறேன். 2019இல் மின்நூல் படிக்கும் கருவி ஒன்றும் வாங்கினேன். புதுப் புத்தகங்களையும் அவற்றை எழுதியவர்களையும் தேடிப் பிடிக்க இந்த மூன்றும் எனக்கு எப்படி உதவின என்று எழுதலாம் என்று ரொம்ப நாளாக எண்ணம். அட்டையைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

அட்டை எடுத்து மூன்றாவதோ நான்காவதோ தடவை எடுத்து வந்தது பச்சை காலிகோ பைண்டிங் போட்ட ஒரு புத்தகம். முதுகில் எழுத்து எதுவும் இல்லை. திறந்தால் நேராக ஒன்பதாம் பக்கம். முதல் எட்டுப் பக்கமும் போய்விட்டன. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அச்சாகியிருந்ததால் புத்தகத்தின் பெயர் பதேர் பாஞ்சாலி என்று மட்டும் தெரிந்தது. யார் எழுதியது, யார் தமிழாக்கியது என்பதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. நூலகர் அம்மாவிடம் கேட்டேன். "பழைய புத்தகம் கண்ணு, நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே பைண்டிங் பண்ணிட்டாங்க. கதை நல்லா இருக்குதுன்னு ஒருத்தர் சொன்னாரு, எடுத்துட்டுப் போ" என்றார்.

வங்காளத்தில் ஒரு சின்னக் கிராமம். துர்கா அக்கா, அபு தம்பி. மழை வந்தால் ஒழுகும் வீடு, கடனைத் தவிர வேறு மிஞ்சாத ஒரு அப்பா, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு பிள்ளைகள் மேல் எரிந்து விழும் ஒரு அம்மா. உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும் துர்கா, நான் எழுந்ததும் எனக்கு ரயில் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிற இடம் ஒன்று வரும். லாரிக்குக் காத்திருந்த ஒரு ராத்திரி, களத்து ஷெட்டில் குழல்விளக்குக்குக் கீழே உட்கார்ந்து அதைப் படித்தேன். எங்கள் பக்கத்தில் ரயில் கிடையாது. காங்கேயத்துக்கும் இல்லை, தாராபுரத்துக்கும் இல்லை. என் அம்மா முதன்முதலாக ரயில் பார்த்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான், ஈரோடு ஜங்ஷனில். துர்கா கடைசிவரை பார்க்கவில்லை. அன்றைக்கு எடைச் சீட்டில் கூட்டலைத் தப்பாகப் போட்டு, மறுநாள் காலையில் திருத்தினேன்.

அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. நடுவில் ஒரு தாள் கிழிந்து போயிருக்க, அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. விட்டுப்போன இரண்டு பக்கத்தையும் யாரோ நீல மையில், பொடி எழுத்தில், வரி தப்பாமல் எழுதி வைத்திருந்தார்கள். வேறு எங்கேயோ இன்னொரு பிரதியைத் தேடிப் பிடித்து, உட்கார்ந்து பார்த்தெழுதி, பசை தடவி ஒட்டியிருக்கிறார் முகம் தெரியாத ஒரு வாசகர். தன் பெயரை எங்கும் எழுதவில்லை.

2013 ஆகஸ்டில், ஆடி நோம்பி முடிந்த கையோடு, முதல் தடவையாக ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனேன். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவருகிறது. பகலெல்லாம் கடைகள், சாயங்காலம் பேச்சு. அரங்கு அரங்காகச் சுற்றிக் கால் ஓய்ந்து ஒரு கடையில் நின்றபோது அதே பெயர் கண்ணில் பட்டது, புதுப் பதிப்பு. எடுத்து முதல் தாளைப் பிரித்தேன். மூலம் விபூதிபூஷண் பந்தோபாத்யாய. தமிழில் ஆர். சண்முகசுந்தரம். இரண்டு பெயரும் எனக்குப் புதுசு. கடையில் நின்ற தம்பி நான் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ஏனுங்க்கா, இவரு நம்ம தாராபுரத்துப் பக்கம் கீரனூர்க்காரருங்க. இவரு சொந்தமா எழுதுன நாவலே இருக்குதுங்க, பாக்கறீங்களா?" என்று நாகம்மாளை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு வருடமாக வங்காளத்துக் குரல் என்று நினைத்திருந்தேன். அதைத் தமிழில் சொன்னவர் நான் தினமும் பார்க்கிற அதே மேட்டுக்காட்டையும் பனைமரத்தையும் பார்த்து வளர்ந்தவர். அன்றைக்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன், அலுப்பே தெரியவில்லை.

நாகம்மாள் 1942இல் வெளிவந்தது. சண்முகசுந்தரத்துக்கு அப்போது இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் இருக்கும். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனோடும் அவன் மனைவி ராமாயியோடும் ஒரே பண்ணையத்தில் இருக்கிறாள். எனக்கும் என் பிள்ளைக்கும் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கதையின் முடிச்சு. முடிவைச் சொல்ல மாட்டேன். பங்கு கேட்ட பெண்ணை ஊர் என்ன பேசும் என்பதை எங்கள் தெருவில் இரண்டு வீட்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். எண்பது வருடத்துக்கு முன்னால் அச்சான பேச்சும் அந்தப் பேச்சும் அச்சுப் பிசகாமல் ஒன்று. பள்ளிக்கூடத்தில் நாங்கள் பொடக்காலி என்று எழுதினால் அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் கொல்லைப்புறம் என்று எழுதச் சொல்வார்கள். வெசனம் (கவலை), அங்கராக்கு (சட்டை), நோம்பி (பண்டிகை) எல்லாம் வீட்டுப் பேச்சு, புத்தகத்துக்கு ஆகாது என்றே நானும் நினைத்து வளர்ந்தேன். எங்கள் பேச்சில் ஒரு நாவலே எழுத முடியும் என்று காட்டினவர் பக்கத்து ஊரிலேயே இருந்திருக்கிறார், 1977இல் போயும் சேர்ந்துவிட்டார். எனக்குத் தெரிய 2013 ஆகியிருக்கிறது.

அதற்கப்புறம்தான் பெயர் நோட்டு போட ஆரம்பித்தேன். கணக்கு எழுதுகிற பழக்கம், வேறென்ன. இடது பக்கம் படித்த புத்தகம். வலது பக்கம் அதற்குள் இருக்கும் பெயர்கள் எல்லாம்: எழுதியவர், மொழிபெயர்த்தவர், முன்னுரை தந்தவர், யாருக்குச் சமர்ப்பணம், பின்னட்டையில் அதே பதிப்பகம் போட்டிருக்கும் மற்ற நூல்கள். அடுத்து எதைப் படிப்பது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வலது பக்கத்தில் ஒரு பெயரைத் தொட்டால் போதும்.

நாகம்மாளுக்கு முன்னுரை எழுதியவர் கு.ப. ராஜகோபாலன். சரி, அவர் யார் என்று நூலகத்தில் தேடி அவருடைய சிறுகதைகளை எடுத்து வந்தேன். கும்பகோணத்துக்காரர், 1902இல் பிறந்தவர், 42 வயதிலேயே இறந்துபோனார். பெண்கள் வாய்விட்டுச் சொல்லாததைச் சத்தமில்லாமல் சொல்லிவிடும் கதைகள். அவரைப் பற்றிப் படிக்கும்போது, நடுவில் சில காலம் கண்புரையால் பார்வை மங்கி, அவர் சொல்லச் சொல்ல அவருடைய தங்கை எழுதினார் என்று தெரிந்தது. அந்தத் தங்கை கு.ப. சேது அம்மாளும் பிறகு தானே கதைகள் எழுதியிருக்கிறார். அண்ணன் வாயால் வரும் வரியைக் காதில் வாங்கிக் கையால் எழுதிக்கொண்டே இருந்த ஒரு பெண், எந்த நாளில் இனி என் கதையையும் எழுதுவோம் என்று நினைத்திருப்பார்? அந்தப் பக்கத்தில் நோட்டை மூடாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தேன். வங்காளத்திலிருந்து கீரனூருக்கு வந்து, அங்கிருந்து கும்பகோணம் போய், ஒரு தங்கையின் பேனாவில் போய் நின்றது, முதல் தாள் இல்லாத ஒரு புத்தகத்தால்.

அப்புறம் நோட்டு தன்பாட்டில் வளர்ந்தது. எங்கள் பேச்சு வழக்கைத் தேடிப் போனபோது பெருமாள்முருகனின் நாவல்களுக்கு முன்னால் அவர் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதிதான் எனக்குக் கிடைத்தது. 2000இல் வந்த நூல். கரிசல் பேச்சுக்கு கி. ராஜநாராயணன் செய்ததை இவர் எங்கள் பேச்சுக்குச் செய்திருக்கிறார். பொடக்காலியை ஒரு அகராதியில் அச்சில் பார்த்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையெல்லாமா புஸ்தகத்துல போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி இருக்கிறதா பார், இருக்கிறதா பார் என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தேவிபாரதியின் நீர்வழிப் படூஉம் 2023இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியபோது, எங்கள் பக்கத்துக் குடிநாவிதர்களின் வாழ்க்கை அதில் இருப்பதை ஏற்கெனவே படித்திருந்த நாலு பேரில் நானும் ஒருத்தி என்று களத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கவனிக்கப் பழகியதில் கிடைத்ததுதான் பெரிய லாபம். மலையாளத்திலிருந்து வந்து எனக்குப் பிடித்துப்போன பல நூல்களுக்கு நேரே நோட்டில் குளச்சல் மு. யூசுப் என்ற ஒரே பெயர். கன்னடத்து பைரப்பாவின் பருவம் என் கைக்கு வந்தது பாவண்ணனால். ஒரு மொழிபெயர்ப்பாளர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் அவருடைய ரசனை தெரியும். அது உங்கள் ரசனையோடு ஒத்துப்போனால் அவர் கொண்டுவரும் எதையும் நம்பி எடுக்கலாம். பத்து வருடமாக இது எனக்குப் பொய்த்ததில்லை.

இனி மின்நூல் கருவி. ஆறு வருடம் ஓடுகிறது, இன்னும் நன்றாக வேலை செய்கிறது. கரண்ட் போன ராத்திரியில் அதன் வெளிச்சமும், கண் கூசாத திரையும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதியும் உண்மையாகவே பெரிய உதவி. அம்மாவும் இப்போது அதில்தான் படிக்கிறார். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும், 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்றவற்றால் பழைய நூல்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. கடையில் தேடி அலைந்த சிலவற்றை ஒரே நிமிடத்தில் இறக்கியிருக்கிறேன். ஆனால் புதிதாக ஒருவரைக் கண்டுபிடிக்க அது எனக்கு உதவவில்லை. ஒரு சரித்திர நாவலைப் படித்தால் இன்னும் பத்துச் சரித்திர நாவலைக் காட்டும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். திறந்ததும் நேராகக் கதைக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவதால், பின்னால் தள்ளிப் போய்ப் பார்த்தால்தான் முதல் தாளே தெரியும். பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். தெரிந்த புத்தகத்தைப் படிக்கக் கருவி, தெரியாததைத் தேட நூலகம் என்று பிரித்துக்கொண்டேன்.

நூலகத்தில் குறைகள் உண்டு. புதுப் புத்தகம் வந்து சேர வருடக்கணக்கில் ஆகிறது. அலமாரி ஒழுங்கு யாராவது கலைத்தால் கலைந்ததுதான். பதிவேட்டில் மொழிபெயர்ப்பாளர் பெயர் ஏறுவதே இல்லை, அதனால் அந்த வழியில் தேட முடியாது. ஒருமுறை நான் திருப்பிக் கொடுத்த புத்தகத்தைக் கொடுக்கவில்லை என்று எழுதி, இரண்டு மாதம் அலைய வைத்தார்கள். கடைசியில் அது வேறு அலமாரியில் இருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் கிடைப்பதோ ஒரு மணி நேரம். இவ்வளவுக்கும் நாம் எல்லோரும் காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 1948ஆம் வருடத்துப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள், வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாக இருக்கும். கட்டிய காசுக்காவது ஒருமுறை உள்ளே போய் வாருங்கள் என்று களத்துக்கு வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். இதுவரை ஏழு பேர் அட்டை எடுத்திருக்கிறார்கள், அதில் ஒருவர் லாரி டிரைவர்.

அவசரமாக ஒரு குறிப்பிட்ட புத்தகம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த அட்டை சரிப்படாது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கடையிலோ கருவியிலோ வாங்கிக்கொள்ளலாம். என்ன படிப்பது என்றே தெரியாமல் நிற்பவர்களுக்கு இதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. எடுக்கும்போது கடைசித் தாளில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரை நிறைய விழுந்த புத்தகமும் நன்றாக இருக்கும், 1994க்கு அப்புறம் முத்திரையே விழாத புத்தகமும் நன்றாக இருக்கும். நான் பெரும்பாலும் இரண்டாவது ரகத்தைத்தான் எடுக்கிறேன்.

போன வருடம் அந்தப் பச்சை பைண்டிங்கை மறுபடி எடுத்தேன். ஈரோட்டில் வாங்கிய என் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோடு போட்ட ஒரு தாளில் முதல் பக்கத்தை எழுதினேன். புத்தகத்தின் பெயர், அதற்குக் கீழே மூலம் எழுதியவர் பெயர், அதற்கும் கீழே தமிழில் ஆர். சண்முகசுந்தரம், அடைப்புக்குறிக்குள் கீரனூர். நூலகர் அம்மாவிடம் காட்டி அனுமதி கேட்டேன். அவரே பசை எடுத்துக் கொடுத்தார். போன மாதம் பார்த்தபோது தேதிச் சீட்டில் புதிதாக மூன்று முத்திரைகள் விழுந்திருந்தன.