டெஸ்க், டேபிள், பியூரோ: எழுதுமேசைக்கு எது சரியான சொல்?

ஆங்கிலக் கதை ஒன்றை மொழிபெயர்க்கும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஒருத்தி பியூரோவின் முன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள். கை தானாகப் பீரோ என்று எழுதிவிட்டது. திரும்பப் படித்தால், இரும்பு அலமாரிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள்! நம் பீரோவும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான், ஆனால் இடையில் பொருள் எங்கோ போய்விட்டது. அப்புறம்தான் எழுதும் மேசையைக் குறிக்கும் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் டெஸ்க்கும் டேபிளும். தமிழில் இரண்டுக்கும் மேசை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மேசை என்ற சொல்லே போர்ச்சுக்கீசியரின் மெசா. அது டேபிளைத்தான் குறிக்கும். டேபிளின் வேர் லத்தீன் மொழியின் தபுலா, அதாவது பலகை. டெஸ்க்கின் வேரோ டிஸ்கஸ், வட்டத் தட்டு. டிஷ், டிஸ்க் இரண்டும் டெஸ்க்குக்கு உடன்பிறப்புகள் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் வேரை வைத்து இன்றைய வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. இழுப்பறை இருந்தால் டெஸ்க் என்று சிலர் சொல்வார்கள். சமையலறை டேபிளிலும் இழுப்பறை உண்டே! என் கணிப்பில் வேறுபாடு மரத்தில் இல்லை, உட்காருகிற ஆளிடம் இருக்கிறது. டேபிளைச் சுற்றி நாலு பேர் உட்காரலாம். சாப்பிடலாம், பேசலாம், துணி மடிக்கலாம். டெஸ்க்கில் ஒருவர், ஒரு பக்கமாக, தன் வேலையோடு உட்காருகிறார். இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் பார்ட்னர்ஸ் டெஸ்க் என்ற வகையும் இருக்கிறது. 1880-ல் விக்டோரியா அரசி அமெரிக்க அதிபர் ஹேய்ஸுக்கு அனுப்பிய ரெசல்யூட் டெஸ்க் அந்த வகைதான். ரெசல்யூட் என்ற கப்பலின் மரத்தில் செய்தது. அதிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு.

புழக்கத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒருவர் டெஸ்க்கில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னால், அவர் வேலையிடத்தில் இல்லை என்று பொருள். நாம் அதை 'அவர் சீட்டில் இல்லை' என்கிறோம். மொழிபெயர்ப்பில் மேசையைக் கொண்டுவருவதைவிட இதுதான் உயிருள்ள தமிழ். ஒரு விஷயம் டேபிளில் இருக்கிறது என்றால் அது பேச்சுவார்த்தையில் இருக்கிறது. டெஸ்க்குக்கு வந்தது என்றால் அது ஒருவரின் பொறுப்புக்கு வந்துவிட்டது. டெஸ்க் ஜாப் என்பது உட்கார்ந்து பார்க்கும் வேலை. செய்தி நிறுவனத்தின் டெஸ்க் ஒரு பிரிவு, ஹெல்ப் டெஸ்க் ஒரு சேவை. இவற்றில் மரமே இல்லை. 1981-ல் ஜெராக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் கணினியில் கோப்பும் உறையும் சின்னப் படங்களாகத் திரைக்குள் போய், டெஸ்க் கண்ணாடிக்குப் பின்னாலும் இடம் பிடித்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'அவன் மேசையில் உட்கார்ந்து எழுதினான்' என்று பல மொழிபெயர்ப்புகளில் வருகிறது. தமிழில் படித்தால் அவன் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். மேசை முன், மேசையருகே என்று எழுதினால் ஆள் நாற்காலிக்கு வந்துவிடுவான்.

சரி, பியூரோ. பழைய பிரெஞ்சில் புரெல் என்றால் முரட்டுக் கம்பளித் துணி. அந்தத் துணியை எழுதும் மேசைமேல் விரித்தார்கள். துணியின் பெயர் மேசைக்கு வந்தது, மேசையின் பெயர் அறைக்குப் போனது, அறையின் பெயர் அரசுத் துறைக்கே ஆகிவிட்டது. பியூரோகிரசி என்ற சொல்லும் அந்தக் கம்பளித் துணியில் தொடங்கியதுதான். இன்று பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பியூரோ என்றால் சாய்வான மூடியுள்ள எழுதுமேசை: மூடியை முன்பக்கம் இறக்கினால் அதுவே எழுதும் பலகை, கீழே இழுப்பறைகள். அமெரிக்காவில் அதே சொல் படுக்கையறையில் துணி வைக்கும் இழுப்பறை அடுக்கு. நம்மிடம் வந்து அலமாரியாகிவிட்டது. ஆகவே கதை எந்த நாட்டில் நடக்கிறது என்று பார்க்காமல் இந்தச் சொல்லைத் தொடவே கூடாது. டேவன்போர்ட்டும் இப்படித்தான்: பிரிட்டனில் சின்ன எழுதுமேசை, அமெரிக்காவில் சோபா.

செக்ரட்டரி என்பதும் ஒரு எழுதுமேசைதான், பெரும்பாலும் மேலே புத்தக அடுக்கு வைத்த வகை. எஸ்கிரிட்வார் என்பது எழுதுமேசைக்கே பிரெஞ்சு வாசனையுள்ள பகட்டான சொல். பழைய மாளிகைக் கதைகளுக்கு வெளியே அது பொருந்தாது.

என் தேர்வைக் கேட்டால், டேபிளுக்கு மேசை. டெஸ்க் மரச்சாமானாக வரும்போது எழுதுமேசை. பணியிடமாக வரும்போது சீட், பிரிவு, பொறுப்பு என்று இடத்துக்கு ஏற்ற சொல். பள்ளிக்கூட டெஸ்க்கை மட்டும் டெஸ்க் என்றே விட்டுவிடுவேன். பெஞ்சும் டெஸ்க்கும் நம் பேச்சில் ஊறிப்போனவை. அங்கே எழுதுமேசை என்று போட்டால் வகுப்பறையே அந்நியமாகிவிடும்.

நின்றுபோன அந்த வரியைக் கடைசியில் இப்படி எழுதினேன்: 'எழுதுமேசையின் சாய்வு மூடியை இறக்கி, காகிதத்தை விரித்து, கடிதம் எழுத உட்கார்ந்தாள்.'