வீட்டில் இரண்டு கணவர், தலைக்குள் ஒரு கணவர்

'லிவிங் வித் யுவர்செல்ஃப்', 'மேட் ஃபார் லவ்' என்ற இரண்டு தொடர்களிலும் தப்பு ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. மனைவியைக் கேட்காமல் கணவன் ஒரு காரியம் செய்துவிடுகிறான்.

2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'லிவிங் வித் யுவர்செல்ஃப்' தொடரில் அவன் மைல்ஸ். வேலையிலும் வீட்டிலும் சலித்துப்போனவன். குழந்தைப்பேறு சிகிச்சைக்கென்று சேர்த்த பணத்திலிருந்து 50,000 டாலரை எடுத்து, புத்துணர்ச்சி தருவதாகச் சொல்லும் ஒரு ஸ்பாவில் கொடுக்கிறான். அங்கே அவனுக்கு நகல் எடுத்துவிட்டு, பழையவனைக் காட்டில் புதைத்துவிடுகிறார்கள். அவன் மண்ணைக் கிளறி எழுந்து வந்து பார்த்தால், வீட்டில் புது மைல்ஸ் சிரித்த முகத்தோடு நிற்கிறான்.

'மேட் ஃபார் லவ்' (எச்பிஓ மேக்ஸ், 2021–22) இதைவிடக் கொடுமை. கோடீஸ்வரத் தொழில்நுட்ப முதலாளி பைரன், மனைவி ஹேசலின் தலைக்குள் அவளுக்கே தெரியாமல் ஒரு சிப்பை வைத்துவிடுகிறான். பத்து வருடம் அவனுடைய மாளிகைக்குள் அடைந்து கிடந்தவள் தப்பி ஓடிய பிறகும், அவள் பார்ப்பதையெல்லாம் அவனும் பார்க்கிறான். ஹேசலாக வரும் கிறிஸ்டின் மிலியோட்டியின் கண்ணில் பயமும் குறும்பும் ஒன்றாகத் தெரியும். அவளுடைய அப்பாவாக வரும் ரே ரொமானோவும் கதையை இழுத்துப் பிடிக்கிறார். ஆனால் இரண்டாவது சீசனில் சதி, வேவு என்று கவனம் சிதறிவிட்டது. மொத்தம் 16 அத்தியாயங்களோடு தொடரும் நின்றுபோனது.

கட்டுப்படுத்தும் கணவனிடமிருந்து மீள்வது எவ்வளவு கடினம் என்று பார்க்க நினைத்தால் 'மேட் ஃபார் லவ்' முதல் சீசன் அருமை. ஆனால் அது கல்யாணத்திலிருந்து வெளியேறும் கதை. பைரனோடு அவள் சேர வேண்டும் என்று நமக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றாது.

என் மனசு முதல் தொடரின் பக்கம்தான். அதில் வில்லன் என்று யாரும் இல்லை, இருப்பதெல்லாம் அலுப்புதான். இரண்டு மைல்ஸாகவும் நடிக்கும் பால் ரட், உட்காரும் விதத்திலேயே யார் எவர் என்று காட்டிவிடுகிறார். புதியவன் பொறுமையானவன், அன்பானவன். கல்யாண நாள் அவனுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது, ஆனால் அன்று அங்கே நின்றவன் அவன் இல்லை. அப்படியானால் அந்த ஞாபகம் யாருடையது? இதை யோசித்து ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம், மனைவி கேட். ஆஷ்லிங் பீ நடித்த இந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்தே ஒரு முழு அத்தியாயம் போகிறது. எத்தனை நாள் இவன் அலுப்பை இவள் சுமந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைக்கிறது.

அரை மணி நேரம் அளவில் எட்டே அத்தியாயங்கள்தான். முதலில் இதைப் பாருங்கள். முடிந்தால் துணையோடு சேர்ந்து பாருங்கள், கேட்டின் அத்தியாயம் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பேசுங்கள்.