இத்தாலியில் வீடு: குடியிருக்கவா, விடுமுறைக்கா?

தனிநபரிடம் வாங்கி, பத்திரத்தில் கேட்டுக்கொண்டால் பதிவு வரி பேசிய விலைக்கு அல்ல. அரசின் நிலப் பதிவேட்டில் உள்ள மதிப்புக்குத்தான். அது 60,000 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு வரி: ‘பிரிமா காசா’ எனும், குடியிருக்க வாங்கும் முதல் வீட்டுக்கு 2 சதவீதம், 1,200 யூரோ. விடுமுறை வீட்டுக்கு 9 சதவீதம், 5,400 யூரோ.

ஆண்டுச் சொத்து வரி: குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை, ஆடம்பர வகை தவிர. விடுமுறை வீடு பூட்டிக் கிடந்தாலும் கட்ட வேண்டும்.

நிபந்தனை: முதல் வீட்டுச் சலுகைக்கு 18 மாதத்துக்குள் அந்த ஊர் நகராட்சியில் குடியிருப்பைப் பதிய வேண்டும். 5 ஆண்டுக்குள் விற்று, ஓராண்டுக்குள் வேறு முதல் வீடு வாங்காவிட்டால் தள்ளுபடியான வரியோடு அபராதமும் வரும். விடுமுறை வீட்டுக்கு இந்தக் கட்டு இல்லை.

நோட்டரி இரண்டுக்கும் கட்டாயம்.

அங்கேயே தங்குபவர்கள் முதல் வீடாகவே பதியுங்கள். கோடையில் மட்டும் போகிறவர்கள் தயவுசெய்து பொய்யாகக் குடியிருப்பைக் காட்டாதீர்கள். 9 சதவீதத்தையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.