ஏபிசி கைவிட்ட இரண்டு கார்ட்டூன்கள்

'தி கிரிட்டிக்', 'கிளர்க்ஸ்' இரண்டையும் தொடங்கியது அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, கைகழுவியதும் அதுவே. 1994இல் வந்த முன்னது, பிறகு ஃபாக்ஸ் தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்து மொத்தம் 23 அத்தியாயங்கள் தாக்குப்பிடித்தது. அதன் நாயகன் 'சிம்சன்ஸ்' என்ற இன்னொரு கார்ட்டூனுக்கு விருந்தாளியாகப் போனபோது, அதை உருவாக்கிய மேட் க்ரோனிங் கோபித்துக்கொண்டு அந்த அத்தியாயத்திலிருந்து தன் பெயரையே நீக்கிவிட்டார்.

2000இல் வந்த 'கிளர்க்ஸ்' பாடு இன்னும் பரிதாபம். தயாரானவை ஆறு, ஏபிசியில் வந்தவை இரண்டே. அதிலும் நான்காவதைத்தான் முதலில் போட்டார்கள். அடுத்து வந்தது இரண்டாவது அத்தியாயம்: கடை ஊழியர்கள் குளிர்பதன அறைக்குள் மாட்டிக்கொண்டு பழைய சம்பவங்களை அசைபோடுவார்கள். அசைபோட இருந்ததே முதல் அத்தியாயம் ஒன்றுதான், அதுவே நகைச்சுவை. பார்த்தவர்களுக்கோ அந்த ஒன்றும் காட்டப்படவில்லை!

நீடித்தது 'கிரிட்டிக்'தான். இருந்தாலும் என் ஓட்டு அந்தக் குளிரறைக்கே.