‘ஆல் ரீஜன்’ டிவிடி பிளேயர் என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்: நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்கள் கவனத்துக்கு

வெளிநாட்டில் வாங்கிய அசல் டிவிடி டிஸ்க்குகளை வீட்டில் வைத்திருப்பவர்கள், அதற்காகப் பிளேயர் வாங்கவோ, ஒரு நாட்டு டிஸ்க்கை வேறு நாட்டுப் பிளேயரில் ஓடவிடாத மண்டலப் பூட்டை, அதாவது ‘லாக்’கை எடுக்கவோ கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒரு கடையில் பொய் சொல்லி விற்றார்கள். இன்னொரு கடையில் பணத்தையும் வாங்கிக்கொண்டு, நன்றாக இருந்த ஒரு பொருளை நிரந்தரமாகக் கெடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு கடைக்காரர்களும் இன்றைக்கும் அதே பேச்சைப் பேசித்தான் வியாபாரம் செய்கிறார்கள்.

என் அக்கா அமெரிக்காவில் நர்ஸ். எங்கள் சபையின் பாடகர் குழுவை நான் நடத்துவதால், குரல் பயிற்சி டிஸ்க்குகள் ஒரு தொகுப்பும் இங்கிலாந்தில் பதிவான சேர்ந்திசை நிகழ்ச்சிகள் சிலவும் வாங்கி அனுப்பினாள். எல்லாம் அசல், மேலுறை பிரிக்காதவை. இணையத்தில் கிடைக்காதா என்று பலர் கேட்டார்கள். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கிடைத்தாலும், நிறுத்தி நிறுத்தி ஒரே வரியைப் பிள்ளைகளுக்குப் பத்து முறை போட்டுக் காட்ட டிஸ்க்தான் வசதி.

நாகர்கோவிலில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். டிஸ்க்கையும் பையில் கொண்டுபோயிருந்தேன். போட்டுக் காட்டச் சொன்னபோது, “டெமோ டிவி வேலை செய்யவில்லை டீச்சர். இது ஆல் ரீஜன், எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். வேண்டுமானால் பில்லிலேயே எழுதித் தருகிறேன்” என்றார் கடைக்காரர். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் ‘ஆல் ரீஜன்’ என்று எழுதியும் கொடுத்தார். விலை 2,800 ரூபாய்.

வீட்டில் போட்டால் டிஸ்க் சுற்றுகிறது, திரை நீலமாகிறது, ‘மண்டலம் தவறு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. அவ்வளவுதான். ஒரு தமிழ்ப் பட டிஸ்க்கைப் போட்டேன், தடங்கலே இல்லாமல் ஓடியது. திரும்பக் கொண்டுபோனபோது அந்தக் கடைக்காரர் முதலில் டிஸ்க்கில் கீறல் என்றார். கீறல் இல்லை என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியதும், “அப்படியென்றால் இது டூப்ளிகேட் டிஸ்க், அங்கே உங்கள் அக்காவை ஏமாற்றிவிட்டார்கள்” என்றார். இரவு டியூட்டி பார்த்துச் சம்பாதித்த காசில் அவள் வாங்கியதைப் பற்றி இப்படி வாய் கூசாமல் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை.

உண்மை நேர் எதிரானது. திருட்டுப் பிரதிகளில் பெரும்பாலும் மண்டலப் பூட்டே இருக்காது, எங்கும் ஓடும். பூட்டு இருப்பது அசலில்தான். ‘மண்டலம் தவறு’ என்று பிளேயர் சொன்னால், டிஸ்க்கைச் சரியாகப் படித்த பிறகுதான் மறுக்கிறது என்று பொருள். டிஸ்க்கில் கோளாறு என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்தப் பூட்டு எதற்கு? டிவிடி வந்த 1990-களின் பிற்பகுதியில், ஒரு படம் அமெரிக்கத் தியேட்டரில் ஓடி முடிந்து, மற்ற நாடுகளுக்குப் பல மாதம் கழித்துத்தான் போகும். அமெரிக்காவில் வெளியான டிஸ்க்கை வாங்கி வேறு நாட்டில் முன்கூட்டியே பார்த்துவிடக்கூடாது, நாட்டுக்கு நாடு வேறு வேறு விலை வைக்கவும் முடியவேண்டும் என்று பெரிய பட நிறுவனங்கள் உலகை மண்டலங்களாகக் கூறுபோட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்தன. அமெரிக்காவும் கனடாவும் 1. மேற்கு ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா நாடுகள் 2. சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் 4. இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. விமானம், கப்பலுக்கென்று 8 என்றுகூட ஓர் எண் வைத்திருக்கிறார்கள். உறையின் பின்புறம் கீழ்ப்பக்கம், சிறிய உலக உருண்டைப் படத்துக்குள் இந்த எண் இருக்கும். அக்காவின் பயிற்சி டிஸ்க்குகளில் 1, இங்கிலாந்து டிஸ்க்குகளில் 2.

நம் மாவட்டத்தில் குளச்சலில் இருந்து களியக்காவிளை வரை வளைகுடாவுக்குப் போய்வராத தெரு குறைவு. ஆகவே இங்கே பல வீட்டு அலமாரிகளில் இருப்பவை 2-ஆம் எண் டிஸ்க்குகளாக இருக்கும். இங்கே விற்ற தமிழ், மலையாளப் பட டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டே போடுவதில்லை என்பதால், அவற்றை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘எல்லாம் ஓடும்’ என்று அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். தெரியாமல் சொன்னால்கூடப் பரவாயில்லை. தெரியாததைப் பில்லில் எழுதிக் காசு வாங்குவது என்ன நியாயம்?

அடுத்தது இதைவிட மோசம். அந்தக் கடைக்காரரே மார்த்தாண்டத்தில் ஒரு சர்வீஸ் கடைக்கு அனுப்பினார். ‘சிப் மாற்றினால் லாக் போய்விடும்’ என்று சொல்லி அந்த ஆள் 900 ரூபாய் வாங்கினார். கம்ப்யூட்டரில் செருகும் டிவிடி டிரைவ் இருந்தால் அதையும் கொண்டுவரச் சொன்னார். பாடகர் குழுவுக்கென்று புதிதாக வாங்கி, ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் வைத்திருந்த டிரைவைக் கொடுத்தேன். பிளேயர் திரும்பி வந்தபோது வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருந்தது, திரையில் அதே நீலம், அதே வரி. டிரைவைப் பற்றிக் கேட்டதற்கு, “எல்லா நம்பரும் போட்டுப் பார்த்துவிட்டேன் டீச்சர், கடைசியில் நம் நாட்டு நம்பரிலேயே விட்டிருக்கிறேன்” என்றார், ஏதோ உதவி செய்ததுபோல.

அண்ணன் மகன் விண்டோஸில் அந்த டிரைவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினான். தற்போதைய மண்டலம்: 5. மீதமுள்ள மாற்றங்கள்: 0.

இது பலருக்குத் தெரியாத செய்தி, நிதானமாகப் படியுங்கள். 2000-ஆம் ஆண்டு முதல் வரும் கம்ப்யூட்டர் டிவிடி டிரைவுகளில் மண்டல எண்ணை 5 முறைதான் மாற்றலாம். ஐந்தாவது முறை எந்த எண்ணை வைக்கிறோமோ அதிலேயே டிரைவ் பூட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கு டிரைவின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும், வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் கணக்கு மாறாது. 1-ஆம் எண்ணில் ஒரே ஒரு முறை வைத்து அப்படியே விட்டிருந்தால் அக்காவின் பயிற்சி டிஸ்க்குகள் முழுவதும் அந்த டிரைவில் ஓடியிருக்கும். அவர் ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டு, ஒவ்வொரு முறையும் ‘சரி’ என்று அழுத்தி ஐந்து வாய்ப்பையும் தீர்த்துவிட்டார். ‘இன்னும் இத்தனை முறைதான் மாற்ற முடியும்’ என்று ஒவ்வொரு முறையும் திரையில் அறிவிப்பு வந்திருக்கும். படிக்கவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. விஎல்சி போன்ற வீடியோ ஓட்டும் மென்பொருள் சில டிரைவுகளில் மண்டல எண்ணைப் பொருட்படுத்தாமல் ஓட்டிவிடும். என் டிரைவ் அதற்கும் அசையவில்லை.

நாகர்கோவில் கடைக்காரர் முதலில் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார், ஸ்டிக்கர் கிழிந்துவிட்டதாம். அனுப்பி வைத்தவரே அவர்தான்! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். பில்லின் நகலோடு பதிவுத் தபாலில் கடைக்கு ஒரு கடிதமும் அனுப்பினேன். ‘ஆல் ரீஜன்’ என்று அவர் கைப்பட எழுதிய அந்த இரண்டு வார்த்தைக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. 2,800 ரூபாய் வந்துவிட்டது.

அதே பணத்தில் தக்கலைப் பக்கம் ஒரு சிறிய கடையில் வேறு பிளேயர் வாங்கினேன். இந்த முறை டிஸ்க் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். அங்கே இருந்த பெரியவர் சிப் எதையும் தொடவில்லை. தட்டைத் திறந்து வைத்துவிட்டு, மெனுவுக்குள் போய், ரிமோட்டில் சில எண்களை அழுத்தினார். திரையில் ஒரு ரகசியப் பட்டியல் வந்தது. அதில் 0, அதாவது எல்லா மண்டலமும் என்று வைத்தார், முடிந்தது. தனியாகக் காசு கேட்கவில்லை. மலிவு விலைப் பிளேயர்கள் பலவற்றில் இந்த வழி உண்டு, எண்கள் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்காமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

அவரே இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். மண்டலம் சரியானாலும், அமெரிக்க டிஸ்க்குகள் என்டிஎஸ்சி (NTSC) என்ற டிவி பட முறையில் இருக்கும், நம்முடையது ‘பால்’ (PAL) என்ற வேறு முறை. பழைய பெட்டி டிவியில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம், அல்லது மேலும் கீழுமாக உருளலாம். அப்போதும் டிஸ்க் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொல்வார். பிளேயரின் மெனுவில் டிவி முறை என்ற இடத்தில் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புதிய எல்இடி டிவிகளில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. புளூ-ரே டிஸ்க் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: அதில் ஏ, பி, சி என்று மூன்றே மண்டலங்கள், இந்தியா சி. டிவிடிக்கு 0 என்று வைத்தால் புளூ-ரேவுக்கும் திறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இரண்டும் தனித்தனிப் பூட்டுகள்.

சர்வீஸ் கடைக்காரர் 900 ரூபாயையும் தரவில்லை, டிரைவுக்கும் பதில் இல்லை. பில் கொடுக்காவிட்டாலும், செல்போன் வழியாகக் கட்டியதால் வங்கிக் கணக்கில் சான்று இருக்கிறது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். இதேபோல் ‘லாக் எடுக்க’ என்று பணம் கொடுத்தவர்கள் நம் பக்கம் இன்னும் சிலர் இருப்பார்கள். பில்லையோ வங்கிக் கணக்கு விவரத்தையோ இன்றே தேடி எடுத்து வையுங்கள்.