கியோட்டோவில் ஒரு வாரமா? ஜே.ஆர். பாஸைத் தலையில் கட்டுவார்கள், உஷார்!

ஏழு நாளும் ஜப்பானின் கியோட்டோ நகரிலேயே தங்கி நாரா, உஜி, ஹிமேஜி, ஒசாகா என்ற ஊர்களுக்கு அவசரமில்லாமல் போய்வர நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. இதே திட்டத்தைத் தெளிவாகச் சொல்லித்தான் ஒரு டிராவல் ஏஜென்சியில் பணம் கட்டினோம். “எல்லா ரயிலும் பஸ்ஸும் இதிலேயே அடங்கிவிடும்” என்று சொல்லி ஆளுக்கொரு 7 நாள் ஜே.ஆர். பாஸை (ஜப்பான் ரயில்வே நிறுவனங்களின் ரயில்களில் பலமுறை போய்வருவதற்கான சீட்டு) விற்றார்கள். சொன்னது பொய், விற்றது தேவையே இல்லாதது.

2023 அக்டோபரில் இந்தப் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. பழைய விலையில், டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் ஒருமுறை ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் போய்வந்தாலே போட்ட காசு ஏறக்குறைய தேறிவிடும். இப்போது அந்தப் பயணத்துக்குத் தனி டிக்கெட் சுமார் 28,000 யென்தான்.

கியோட்டோவிலேயே இருப்பவருக்கு எவ்வளவு ஆகும்? கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஹருகா ரயில், வெளிநாட்டுப் பயணிகளுக்கான சலுகை விலையில், போகவர 4,400 யென். மற்றவையும் போகவரத்தான்: ஹிமேஜி 4,620, நாரா 1,440, ஒசாகா 1,200-க்குள், உஜி 480, ஃபுஷிமி இனாரி கோயில் 300. மொத்தமே 13,000 யென்னுக்குள் அடங்கிவிடும். ஹிமேஜிக்கு ஷின்கான்சென்னே வேண்டாம். ‘ஷின்கைசோகு’ விரைவு ரயிலில் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

அடுத்து, பாஸ் செல்லாத இடங்கள். கியோட்டோ சப்வே கேட்டில் அதை நுழைத்தால் கதவு மூடிக்கொள்ளும். நகரப் பேருந்தில் பின்வாசலில் ஏறி, இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்தில் 230 யென் போட்டே ஆகவேண்டும். ஹான்க்யூ, கெய்ஹான், கின்டெட்சு மூன்றும் தனியார் ரயில்கள், அவற்றிலும் செல்லாது. இதில் நாரா பயணம்தான் ரொம்பப் பாடுபடும். கின்டெட்சு நாரா நிலையத்தில் இறங்கினால் மான் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது, ஒருவழிக் கட்டணம் 760 யென். பாஸ் வைத்திருப்பவரோ காசு வீணாகக் கூடாதே என்று ஜே.ஆர். நிலையத்தில் இறங்கி, வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு இருபது நிமிடம் நடப்பார். ஷின்கான்சென்னிலேயே அதிவேகமான நொசோமி ரயிலில் ஏறினால் பாஸுக்கு மேல் தனிக் கட்டணமும் உண்டு.

ஜப்பானில் கொடுத்துப் பாஸாக மாற்றிக்கொள்ளும் சீட்டான வவுச்சரை எங்களுக்கு விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மாலைதான் கையில் கொடுத்தார்கள். வவுச்சரை விற்ற இடத்தில் மட்டுமே ரீஃபண்ட் கிடைக்கும் என்பதால், கிளம்பும் முன் திருப்பிக் கொடுக்க நேரமில்லாமல் போனது. பாஸுக்குத் தனியாக எவ்வளவு என்று பேக்கேஜ் பில்லில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உள்ளூர்ப் போக்குவரத்துக்கு, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் இகோகா கார்டு ஒன்று போதும்: 2,000 யென், அதில் 500 டெபாசிட்.

ஏற்கெனவே வவுச்சர் வாங்கிவிட்டீர்களா? ஜப்பானில் இறங்கியதும் ஸ்டேஷன் கவுண்டரில் மாற்றிவிடாதீர்கள். மாற்றாத வவுச்சரை வழங்கிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் விற்ற அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தால், பிடித்தம் போக மீதிப் பணம் கிடைக்கும். பாஸின் முதல் நாள் தொடங்கிவிட்டால் ஒரு யென்கூடத் திரும்ப வராது.